மின்பாதைக்காகச் சோலையை வெட்டும் முறையும் மாதமும் மாற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நார்வே, கனடா போன்ற வட நாடுகளின் ஊசியிலைக் காடுகளை ஊடறுத்துச் செல்லும் மின்பாதைகளால் அங்குள்ள பறவைகளுக்கு நேரும் கேடுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். நீலகிரி மாவட்டத்தில் மஞ்சூரை அடுத்த ஒரு சிற்றூரில் வசிக்கும் நான், 31 ஆண்டுகள் மின்பாதைப் பராமரிப்பில் கம்பம் ஏறியும், கம்பிக்கு அடியில் காடு வெட்டியும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அக்கட்டுரையில் சொல்லப்பட்டவற்றுள் எது நம் மலைக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதைக் கம்பிக்குக் கீழே நின்று பார்த்த ஒருவன் சொன்னால் பயன்படக்கூடும் என்று எண்ணியே இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

வட நாடுகளின் கதை பெரும்பாலும் மோதிச் சாகும் பறவைகளின் கதை. நார்வேயில் உயரழுத்தக் கம்பிகளில் மோதி ஆண்டுதோறும் ஏறத்தாழ 20,000 கேப்பர்கெய்லிகளும், 26,000 கறுப்பு கிரவுஸ்களும், 50,000 வில்லோ டார்மிகன்களும் இறப்பதாக 1995-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மூன்றுமே கோழிக் குடும்பத்துப் பறவைகள். கேப்பர்கெய்லிச் சேவல் ஏறக்குறைய 4 கிலோ எடை உடையது. அந்த உடம்பைத் தூக்குவதற்கு வாய்த்த சிறகோ குட்டையானது. ஆகவே எழும்பினால் வேகமாக நேரே போகுமே தவிர, எதிரே ஏதோ இருக்கிறது என்று கடைசி நொடியில் தெரிந்தாலும் சட்டென்று ஒதுங்க அதனால் முடியாது. அந்திக் கருக்கலில் மர உச்சி உயரத்தில் பறக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. இதில் பலரும் அறியாத ஒரு நுணுக்கம் உண்டு. பெரிய கோபுரங்களின் தலைப்பில், இடியைத் தாங்குவதற்காக எர்த் வயர் என்ற ஒற்றைக் கம்பி ஓடும். மின்சாரம் பாயும் கம்பிகளைவிட அது மெலிந்தது. பறவை தடித்த கம்பிகளைக் கண்டு அவற்றுக்கு மேலே எழும்பித் தப்ப முயலும்போது, கண்ணுக்குத் தட்டுப்படாத அந்த மெல்லிய கம்பியில் போய் மோதுகிறது.

கனடாவில் இவ்வாறு கம்பிகளில் மோதிச் சாகும் பறவைகள் ஆண்டுக்கு 25 லட்சத்திலிருந்து 2 கோடியே 56 லட்சம் வரை இருக்கலாம் என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் பத்து மடங்கு இடைவெளி இருப்பதிலிருந்தே, செத்துக் கிடக்கும் பறவையை எண்ணுவதுகூட எத்தனை கடினமான வேலை என்பது விளங்கும். நரி தூக்கிப் போய்விடும், பனி மூடிவிடும். நம் குந்தா நீர்மின் திட்டம் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவி ஏற்பாட்டின் கீழ் அதே கனடாவின் உதவியோடு கட்டப்பட்டது என்பதைக் கட்டுரையைப் படிக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

இதற்கு ஒப்பான சாவுகள் நம் மலையிலும் உண்டு. மயிலும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியும் கேப்பர்கெய்லியின் உறவுகள்தாம். கனத்த உடம்பு, குட்டைச் சிறகு என்ற அதே சுமை அவற்றுக்கும் இருக்கிறது. ஆனால் என் பணிக்காலத்தில் மோதலைக் காட்டிலும் நான் அதிகம் கண்டது மின்னதிர்ச்சிச் சாவைத்தான். ஒரே கம்பியில் இரு காலும் ஊன்றி உட்காரும் பறவைக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் இரட்டைவால் குருவி நாள் முழுவதும் கம்பியில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கிறது. பறவையின் உடல் ஒரு கம்பியையும் இன்னொரு கம்பியையும், அல்லது கம்பியையும் தரையோடு இணைந்த இரும்புக் குறுக்குச் சட்டத்தையும் ஒருசேரத் தொடும்போதுதான் மின்சாரம் அதன் வழியே பாய்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கும் படகர் ஊர்களான ஹட்டிகளுக்கும் செல்லும் 11 கே.வி. (கிலோவோல்ட்) கம்பங்களில் சட்டத்துக்கும் கம்பிக்கும் நடுவே பீங்கான் இன்சுலேட்டர் அளவுக்கே, ஏறக்குறைய ஒரு சாண், இடைவெளி இருக்கும். சிறகு விரித்தால் நான்கைந்து அடி அகலம் வரும் கொம்பன் ஆந்தை அந்தச் சட்டத்தின்மீது வந்து அமர்ந்து சிறகை மடக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 110 கே.வி. கோபுரத்தில் இன்சுலேட்டர் சரம் ஓர் ஆள் கைநீட்டும் நீளம் தொங்குவதால் அங்கே இந்த ஆபத்து மிகக் குறைவு. பெரிய கோபுரத்தைப் பார்த்து அஞ்சுகிறவர்கள், ஊருக்குள் இருக்கும் சிறிய கம்பத்தைப் பார்த்தே அஞ்ச வேண்டும் என்பது என் அனுபவம்.

பீடர் ட்ரிப் ஆகி, ஊர் இருண்டு, நாங்கள் மழையில் டார்ச் விளக்கோடு கம்பம் கம்பமாக நடந்து, கடைசியில் அடியில் கருகிக் கிடக்கும் உடலைக் கண்டுபிடித்தபின், குறிப்பேட்டில் எழுதுவது ஒரே சொல்: 'பறவை'. எந்தப் பறவை, எந்தக் கம்பம், எத்தனையாவது முறை என்று எழுத அதில் இடம் கிடையாது. எத்தனை நிமிடம் மின்சாரம் இல்லை என்பதற்கு மட்டும் தனிக் கட்டம் உண்டு. ஒரே கம்பத்தில் மூன்று ஆண்டுகளில் நான்கு ஆந்தைகளை எடுத்துப் புதைத்த நினைவு எனக்கு இருக்கிறது. காகிதத்தில் அது நான்கு தனித்தனி மின்தடை, அவ்வளவே.

மாயாற்றுப் பள்ளத்தாக்கைத் தனியே சொல்ல வேண்டும். முதுமலையை ஒட்டிய சீகூர்ப் பகுதியில் ஆற்றங்கரை நீர்மருதுகளில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்), நாட்டின் தென்கோடியில் எஞ்சியுள்ள முக்கியமான கூட்டம். கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து செத்த மாட்டின் வழியே உடலில் சேர்ந்ததால் இந்தியாவெங்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோன இனம் அது. அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006-ல் தடை செய்யப்பட்டது. இணை ஒன்று ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். சிறகு விரித்தால் ஆறடிக்கு மேல் வரும் இப்பறவை, சிங்காரா, மாயார் மின்நிலையங்கள் இருக்கும் அதே நிலத்தில்தான் இரை தேடி வட்டமிடுகிறது. அங்கே ஒரு கம்பத்தில் நேரும் ஒரு சாவும் சிறிய கணக்கில் சேராது.

இதுவரை சொன்னவை வட நாட்டுக் கட்டுரையோடு ஒத்துப்போவன. ஒத்துப்போகாத ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதும் அதுதான்.

நம் சோலைகளுக்கே, அதாவது மலை மடிப்புகளில் நிற்கும் குட்டை மரக் காடுகளுக்கே, உரிய பறவைகள் கம்பியில் மோதுவதில்லை; அவை கம்பி இருக்கும் உயரத்துக்குப் பறப்பதே இல்லை. நீலகிரி சிரிப்பான் முட்புதருக்கும் கீழ்க்கிளைக்கும் இடையே தத்தித் தத்தியே வாழ்நாளைக் கழிக்கிறது. நீலகிரி சோலைக்கிளி, பெயரில் கிளி இருந்தாலும் கிளியே அல்ல. நீலமும் செம்பழுப்பும் கலந்த, கைக்குள் அடங்கும் சிறு குருவி. ஈரமான சருகுத் தரையில், சோலையின் இருட்டில், தாவித் தாவிப் புழு பொறுக்கும். கருப்பும் ஆரஞ்சுமான சிறு ஈபிடிப்பானும் அப்படியே. இந்தச் சோலைக்கிளியும் சிரிப்பானும் உலகில் வேறெங்கும் மிக நெருங்கிய உறவில்லாத அளவுக்குத் தனித்தவை என்று கண்டு, 2017-ல் அறிஞர்கள் அவற்றுக்கென்று இரண்டு புதிய பேரினங்களையே வகுத்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நம்மிடம் நீலகிரி சிரிப்பான் என்றால், தெற்கே பழனி மலையில் பழனி சிரிப்பான் என்ற வேறோர் இனம். தாழ்ந்த, வெப்பமான நிலத்தைக் கடக்க மறுத்தே இவை இரண்டாகப் பிரிந்தன.

இவ்வளவு ஒதுங்கி வாழும் பறவையின் வழியில், சோலையின் நடுவே 22 மீட்டர் அகலத்துக்கு வெயில் விழும் ஒரு வெட்டவெளியை ஏற்படுத்தினால் அது என்ன செய்யும்? விளிம்பு வரை வரும், நிற்கும், திரும்பிப் போகும். செத்த பறவையாவது கம்பத்தடியில் கிடந்து சாட்சி சொல்லும். இங்கே எடுத்துக் காட்ட உடல் ஏதும் இல்லை. கணக்கெடுப்பவர் வந்தாலும் சுத்தமான பாதையைத்தான் பார்ப்பார். ஆனால் மரபணுவில் தடம் இருக்கிறது: மனிதர் காட்டைத் துண்டாடியதன் விளைவு, ஒரே மலைத்தொடருக்குள்ளேயே இத்தகைய பறவைக் கூட்டங்களைத் தனித்தனித் தீவுகளாகப் பிரித்திருப்பதை 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்தத் துண்டாடலில் தேயிலைக்கும் கற்பூர மரத்துக்கும் (யூகலிப்டஸ்) சாலைக்கும் பெரும்பங்கு உண்டு. மின்பாதையின் பங்கு சிறியதாக இருக்கலாம். என் கையால் நடந்த பங்கு என்பதால் அதைப் பற்றிப் பேச எனக்குக் கடமை உண்டு.

வனநிலத்தில் மின்பாதைக்கு மத்திய அரசு வகுத்துள்ள அகலங்கள் இவை: 11 கே.வி.க்கு 7 மீட்டர், 33 கே.வி.க்கு 15, 66 கே.வி.க்கு 18, 110 கே.வி.க்கு 22, 220 கே.வி.க்கு 35. ஆனால் அந்த அகலம் முழுவதையும் மொட்டையடிக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. கம்பி இழுப்பதற்காக ஒவ்வொரு கம்பிக்கும் நேர் கீழே 3 மீட்டர்ப் பட்டையை வெட்டலாம். இழுத்து முடிந்தபின் அதில் மீண்டும் இயற்கையாக மரம் வளர விடவேண்டும். பராமரிப்புக்கென்று ஓரமாக ஒரு பட்டையை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளலாம். மற்ற இடத்தில் கம்பியைத் தொடும் அளவுக்கு வளரும் மரத்தைத்தான், அதுவும் தேவையான அளவுக்குத்தான், கழிக்கலாம் என்பதே நெறிமுறை. கம்பிக்கும் மரத்துக்கும் இடையே 110 கே.வி.யில் 3.7 மீட்டரும் 220 கே.வி.யில் 4.6 மீட்டரும் இடைவெளி இருந்தால் போதும்.

இனி நம் மலையின் அமைப்பைப் பாருங்கள். கோபுரங்கள் முகடுகளில் நிற்கின்றன. கம்பி ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்குத் தாவுகிறது. சோலைகள் முகட்டில் இல்லை. இரண்டு புல்மேடுகளுக்கு நடுவே, ஓடை ஓடும் மடிப்பில் இருக்கின்றன. கம்பி அந்த மடிப்பைக் கடக்கும் இடத்தில் சோலை உச்சிக்கும் கம்பிக்கும் இடையே பல இடங்களில் நூறு அடிக்கு மேல் இருக்கும். சோலை மரங்களோ குளிருக்கும் காற்றுக்கும் குறுகி, பெரும்பாலும் 10 முதல் 15 மீட்டருக்குள்ளேயே நின்றுவிடுபவை. அந்த நாவலும் விக்கியும் இன்னும் இருநூறு ஆண்டுகள் நின்றாலும் கம்பியைத் தொடப் போவதில்லை. அவற்றை வெட்டியதற்கு ஒரே காரணம், வெட்டு வேலைக்கான ஒப்பந்தம் கிலோமீட்டர்க் கணக்கில் விடப்பட்டதும், அளந்து பார்க்க வருபவர் தரையின் அகலத்தை மட்டுமே அளந்ததும்தான். மேலே அண்ணாந்து பார்த்து இடைவெளியை அளந்தவர் யாரையும் நான் கண்டதில்லை, நானும் அளந்ததில்லை.

ஓர் ஏப்ரல் மாதம் அப்படி ஒரு மடிப்பில் வெட்டிக்கொண்டிருந்தோம். இடம் எது என்பது இங்கே தேவையில்லை. அரிவாளுக்கு முன்னால் புதர் அசைந்து, சிரிப்பான் ஒன்று கத்திக்கொண்டே வெளியே வந்தது. பறந்து போகவில்லை, நாலடி தள்ளி நின்று கத்தியது. விலக்கிப் பார்த்தால் பாசியும் வேரும் பின்னிய கிண்ணம் போன்ற கூடு, உள்ளே இரண்டு நீல முட்டைகள். உடனிருந்த இளைஞர், "அண்ணே, இதை மட்டும் விட்டுடலாமா?" என்று கேட்டார். அந்த ஒரு புதரை விட்டோம். சுற்றிலும் வெட்டிவிட்டு நடுவில் ஒரே ஒரு புதரை விட்டால் அது காக்கைக்குக் காட்டிக் கொடுத்ததாகும் என்ற அறிவு அன்று எங்களுக்கு இல்லை. இரண்டு நாள் கழித்து அவ்வழியே போனபோது கூடு கிழிந்து கிடந்தது.

அடுத்த ஆண்டுகளில் நடந்ததைச் சொன்னால்தான் இந்த வெட்டின் முழு அபத்தமும் புரியும். வெட்டிய இடத்தில் சோலை மரம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அதன் கன்றுக்கு நிழலும் ஈரமும் வேண்டும். வந்தது சீகை, அதாவது வாட்டில் மரம். ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து, பிறகு தோல் பதனிடுவதற்காகப் பல்லாயிரம் ஏக்கரில் நடப்பட்ட அந்தச் சீகையின் விதை, மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, மண்ணைக் கிளறி வெயில் விழச் செய்ததும் முளைக்கும் இயல்புடையது. வெட்டினால் அடியிலிருந்தும் வேரிலிருந்தும் கொத்தாகக் கிளம்பும். கற்பூர மரமும் வெட்டிய அடிக்கட்டையில் நான்காகத் துளிர்க்கும். கம்பி தாழ்வாக ஓடும் இடங்களில் இரண்டும் அதை எட்டும் உயரத்துக்கு, அதுவும் விரைவாக, வளர்பவை. ஆகவே, கம்பிக்கு எக்காலத்திலும் தொல்லை தராத மரத்தை வெட்டி, ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயம் தொல்லை தரும் மரத்தை அந்த இடத்தில் நாங்களே வளர்த்துக் கொடுத்திருக்கிறோம். பிறகு அதை வெட்டுவதற்கு மீண்டும் ஒப்பந்தம். பாதையின் இருபுறமும் நின்ற சோலைக்குள் சீகையும் உன்னிச்செடியும் நுழைவதற்கு அந்தப் பட்டை வாசலாகிவிட்டது. அடியில் காய்ந்து நிற்கும் புல் பிப்ரவரியில் தீப்பற்றவும் வழியாகிவிட்டது.

இந்தக் கருத்தை நான் ஒருமுறை சொன்னபோது, படித்த பொறியாளர் ஒருவர் ஒரு நியாயமான மறுப்பை எழுப்பினார். சோலைகள் இயற்கையிலேயே புல்வெளியால் பிரிக்கப்பட்ட திட்டுகள்தாமே, புல்வெளியைத் தாங்கிய பறவை 22 மீட்டர் வெளியைத் தாங்காதா என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு நடந்து பார்த்துத் தெரிந்துகொண்டது இது: மேலிருந்து பார்க்கும்போது தனித்தனியாகத் தெரியும் சோலைகள் பலவும், கீழே ஓடைக்கரை ஓரமாக மூன்று நான்கு மர அகலத்தில் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன. பறவை போவதும் வருவதும் அந்தக் கழுத்து வழியாகத்தான். மின்பாதை மடிப்பைக் கடக்கும் இடம், பெரும்பாலும், துல்லியமாக அந்தக் கழுத்தாகவே அமைந்துவிடுகிறது. முகட்டிலிருந்து முகட்டுக்குக் குறுகிய தூரம் அங்கேதான்.

புல்வெளியைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் உண்மை உண்டு. கம்பி புல்மேட்டின்மேல் போகும்போது அடியில் வெட்ட எதுவும் இல்லை, கேடும் குறைவு. நீலகிரி நெட்டைக்காலி கோபுரத்தின் அடியிலேயே நடந்து பூச்சி தின்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு உண்மையான எதிரி சீகையும் பைனும்தான். பழனி மலையில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதாண்டுகளில் இவ்வகை மரத்தோட்டங்களுக்கும் வேளாண்மைக்கும் போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எல்லாப் பறவையும் மின்பாதையால் அழிகிறது என்று சொல்வதும் பிழை. சிவப்பு மீசைச் சின்னான், கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு, கருந்தோள் பருந்து ஆகியவற்றுக்கு வெட்டிய பட்டை விருந்து. வட அமெரிக்காவில் புதர்க்காட்டுப் பறவைகள் சிலவற்றுக்கு மின்பாதைப் பட்டைகளே புகலிடம் என்று கருதி அவற்றைப் புதராகவே பேணுகிறார்கள். ஆனால் அங்கே குறைந்துவருவது புதர். இங்கே குறைந்துவருவது சோலை. சின்னானுக்கு ஊட்டியின் தோட்ட வேலிகளே போதும்.

வெட்டும் முறையைப் போலவே வெட்டும் மாதமும் தவறு. தென்மேற்குப் பருவமழைக்கு முன் கம்பியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதால் மார்ச் முதல் மே வரை வெட்டு நடக்கிறது. சிரிப்பான், சோலைக்கிளி, ஈபிடிப்பான்கள், நீலகிரி காட்டுப்புறா எல்லாம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஏறக்குறைய இதே மாதங்களில்தான். வெட்டை ஜனவரிக்கு நகர்த்தினால் மின்வாரியப் பணிக்கு இழப்பு ஏதும் இல்லை என்பதை அனுபவத்தால் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், தரை காய்ந்திருக்கும், சரிவில் ஆள் வழுக்கி விழும் ஆபத்து குறைவு. உறைபனிக் காலமாகையால் வெட்டிய செடி கோடை மழை வரும்வரை பெரிதாகத் துளிர்க்காது. ஜூன் காற்றுக்கு முன் அது கம்பியை எட்டுவது நடவாத காரியம். முறிந்து விழும் நிலையில் நிற்கும் பெரிய மரங்களை மட்டும் மே மாதத்தில் தனியே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒப்பந்த ஆட்படை வேண்டியதில்லை. பாதை நெடுக நடந்து பார்க்கும் வழக்கமான லைன் பேட்ரோல் போதும்.

கம்பியைப் பூமிக்கடியில் புதைத்துவிட வேண்டும் என்று கோருகிறவர்களும் உண்டு. கானமயில் என்ற அருகிவரும் பறவையைக் காப்பதற்காக 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் அவ்வாறு ஆணையிட்டதும், நடைமுறைச் சிக்கல்களைக் காட்டி அரசு முறையிட்டதன்பேரில் 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி வல்லுநர் குழு அமைத்ததும் பலரும் அறிந்தது. தார்ப் பாலைவனத்தில் 4,200 சதுர கி.மீ. பரப்பில் மட்டும் ஆண்டுக்கு 84,000 பறவைகள் கம்பிகளால் சாவதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டதும் அவ்வழக்கில்தான் பரவலாகத் தெரியவந்தது. எனினும், மணல்வெளிக்குப் பொருந்தும் தீர்வு மலைச்சரிவுக்குப் பொருந்தாது. சோலையின் நடுவே அகழி தோண்டினால் வேர் அறும், ஓடை திசைமாறும், சரிவு இளகும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்த மழையில் மண் எப்படிப் போனது என்பதைப் பார்த்த எவரும் இங்கே அகழி வெட்டச் சொல்லமாட்டார். ஊர்களுக்குச் செல்லும் 11 கே.வி. பாதையில், சாலை ஓரமாகப் புதைக்கலாம். காட்டுக்குள் உறையிட்ட கம்பியைக் கம்பத்திலேயே இழுக்கலாம். ஏற்கெனவே இருக்கும் வெற்றுக்கம்பிப் பாதைகளில், டிரான்ஸ்பார்மர் கம்பத்திலும் திருப்பக் கம்பத்திலும் உள்ள ஜம்பர் என்ற இணைப்புக் கம்பிகளுக்கு மட்டும் உறை மாட்டினாலே ஆந்தைச் சாவில் பெரும்பகுதி குறையும். பறவையால் வரும் ஒரு மின்தடைக்கு நான்கு ஆள் ஓர் இரவு அலைவதைக் கணக்கிட்டால், உறையின் விலை அற்பம்.

பெரிய பாதைகளில் எர்த் வயரில் தொங்கவிடும் தட்டு அல்லது சுருள் வடிவ எச்சரிப்பான்கள் மோதலைச் சராசரியாகப் பாதியளவு குறைக்கின்றன என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகின்றனர். வனப்பகுதியில் புதிய பாதைக்கு அனுமதி தரும்போது இவற்றைப் பொருத்த வேண்டும் என்ற நிபந்தனை இப்போது வழக்கமாகவே விதிக்கப்படுகிறது. பைக்காராவில் 1932-ல் மின்உற்பத்தி தொடங்கிய காலந்தொட்டு நிற்கும் பழைய தடங்களுக்கு அந்த நிபந்தனை கிடையாது. எல்லா இடத்திலும் தேவையும் இல்லை. மூடுபனி அடைத்துக்கொள்ளும் பள்ளத்தாக்குக் கடவுகளிலும், அணைகளின் ஓரத்திலும், மாயாற்றுப் பக்கத்திலும் முதலில் மாட்டினால் போதும்.

போர்த்திமந்து, அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களை இணைத்து 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டம் கட்டப்பட்டு வருகிறது. பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலேற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கும் திட்டம் அது; காலத்துக்குத் தேவையானது என்றே கருதுகிறேன். உற்பத்தியாகும் மின்சாரம் மலையிறங்க வழி வேண்டும். அந்த வழிக்கு ஏற்கெனவே வெட்டிக் கிடக்கும் தடங்களையே பயன்படுத்தி, தேவையானால் பழைய கோபுரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் உயர்ந்த கோபுரம் நிறுத்தி, சோலைக் கழுத்துகளின்மேல் கம்பியை மரம் தொடாத உயரத்தில் கொண்டுபோக முடியும். கோபுரம் நான்கைந்து மீட்டர் உயர்ந்தால் இரும்புச் செலவு கூடும். ஆனால் அந்த இடத்தில் இனி என்றைக்கும் வெட்டுக்கூலி இல்லை.

சம்பந்தப்பட்ட மின்துறை, வனத்துறை அதிகாரிகள் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்பதால் அவர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த வெட்டு ஒப்பந்தத்தை விடுமுன், இரு துறையினரும் சேர்ந்து ஒருமுறை பாதை நெடுக நடந்து, ஒவ்வொரு மடிப்பிலும் கம்பிக்கும் மர உச்சிக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்து, அரிவாள் படக்கூடாத இடங்களுக்கு வெள்ளைச் சுண்ணாம்பில் குறியிட வேண்டும். அளக்க இப்போது கையடக்கக் கருவி இருக்கிறது; எங்கள் காலத்தில் மூங்கில் கழிதான். ஒப்பந்தக் கூலியை வெட்டிய அகலத்துக்குப் பதிலாக அகற்றிய சீகை, கற்பூர மரங்களின் எண்ணிக்கைக்கு நிர்ணயித்தால் வேலையாட்களே சோலை மரத்தை விட்டுவிட்டுச் சீகையைத் தேடிப் போவார்கள். குறிப்பேட்டில் 'பறவை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்தப் பறவை, எந்தக் கம்பம் என்று எழுத ஒரு கட்டம் கூடுதலாக அச்சிட வேண்டும்.

குந்தாப் பகுதியில் எந்தெந்த மடிப்பில் வீணாக வெட்டினோம் என்பது எனக்கு நினைவிருக்கிறது. முழங்கால் வலி இருந்தாலும், ஜனவரியில் வெயில் ஏறியபின் யார் வந்து அழைத்தாலும் உடன் நடந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பாதைப் பராமரிப்புப் பணியாளர்,
மஞ்சூர் அருகே,
நீலகிரி மாவட்டம்.